கல்தெரேத்தா மசாலா பாக்கெட்: வாங்குங்கள், கூடவே கால் கிலோ ஈரலும் வாங்குங்கள்

பிலிப்பைன்ஸ்காரர்களின் ஆட்டுக்கறி விருந்துச் சமையலான கல்தெரேத்தாவுக்கு என்றே மணிலாவில் தயாராகி வருகிற 50 கிராம் மசாலா பாக்கெட் ஒன்றை மன்னார்குடியில் எங்கள் வீட்டு அடுப்பில் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி, கறியும் பொடியும் தண்ணீரும் போதும் என்று இறங்கினால், கிடைப்பது சிவப்பாக, கெட்டியாக, லேசாகத் தித்திக்கிற ஒரு தக்காளிக் குழம்புதான். அதைக் கல்தெரேத்தா என்று சொல்ல வேண்டும் என்றால் ஈரல் வேண்டும், நல்ல காடி, அதாவது வினிகர், வேண்டும், அடுப்பு பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருக்க மனம் வேண்டும்.

எனக்கு இந்தச் சாப்பாடு தம்பி வழியாகத்தான் பழக்கம். அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். உலகத்தில் எந்தக் கப்பலை எடுத்தாலும் பிலிப்பைன்ஸ் ஆட்கள் நிறைய இருப்பார்கள், இவன் ஏறிய கப்பல்களில் சமையலறையும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கறியைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டான். சமையல்காரர் ஈரலை மசித்துப் போடுகிற வீடியோவை எடுத்து அனுப்பியிருந்தான், ஒரு பாக்கெட்டையும் கையோடு கொண்டுவந்தான். அதன் பிறகு நானே சென்னையில் இருக்கிற ஒரு இறக்குமதிக் கடையில் ஆன்லைனில் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். ஆக, நான் இங்கே சொல்வது பாக்கெட்டில் உள்ளபடி செய்த கறி, பாக்கெட்டோடு ஈரல் சேர்த்த கறி, பாக்கெட்டே இல்லாமல் செய்த கறி, மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வது.

முதலில் தெரியாதவர்களுக்காக. ஸ்பெயின்காரர்கள் 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸை ஆண்டார்கள், இந்தச் சமையலின் வேர் அங்கே இருக்கிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், மிளகாய் எல்லாம் மெக்சிகோ பக்கமிருந்து பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவுக்கு வந்த கப்பல்கள் கொண்டுவந்தவை. அந்தக் கப்பல் போக்குவரத்து 1815 வரை நடந்தது. நமக்கு மிளகாய் போர்ச்சுகீசியர்கள் வழியாக மேற்கிலிருந்து வந்தது, அவர்களுக்கு அதே மிளகாய் கிழக்கிலிருந்து போய்ச் சேர்ந்தது. ஆட்டுக்கறியைக் காடியில் ஊறவைத்து, வதக்கி, தக்காளியில் மெதுவாக வேகவிட்டு, கடைசியில் ஈரல் விழுதைக் கரைத்து இறக்குவதுதான் கல்தெரேத்தா. ஊர்த் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள் என்றால் அங்கே பெரிய பாத்திரத்தில் இதுதான். மாட்டுக்கறியிலும் செய்கிறார்கள், அதிலும் பதங்காஸ் மாகாணம் மாட்டுச் சந்தைக்குப் பேர் போன இடம் என்பதால் அந்தப் பக்கம் மாட்டுக்கறிதான் அதிகம். ஆனால் பழைய முறை ஆட்டுக்கறிதான் என்று தம்பியின் கப்பல் சமையல்காரர் அடித்துச் சொல்வாராம். அது நமக்கு வசதியாகிவிட்டது.

இப்போது பாக்கெட். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியலைப் படித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்: மாவு, சர்க்கரை, உப்பு, தக்காளித் தூள், பூண்டு, வெங்காயம், மிளகாய், அப்புறம் அனாட்டோ என்கிற விதையின் சிவப்பு நிறம், சுவை கூட்ட மோனோசோடியம் குளுட்டமேட். ஈரல் இல்லை. காடி இல்லை. ஒரு பாக்கெட் ஒரு கிலோ கறிக்கு என்று போட்டிருக்கிறார்கள், அந்த அளவு சரியாகவே இருக்கிறது. நிறம் அருமையாக வருகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் மிளகாய்த் தூளில் அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பு வராது. காஷ்மீரி மிளகாய்த் தூள் போட்டால் கிட்டத்தட்ட வருகிறது, ஆனாலும் கொஞ்சம் இருண்டு போகிறது. கெட்டித்தன்மையும் நன்றாக இருக்கிறது, தட்டில் சோற்றின் மேல் ஊற்றினால் ஓடாமல் நிற்கிறது.

குறை இரண்டு. ஒன்று, தித்திப்பு. பாக்கெட்டில் இருக்கிற சர்க்கரையோடு பழுத்த நாட்டுத் தக்காளியும் கேரட்டும் வெங்காயமும் சேரும்போது நம் நாக்குக்கு அது கறிக்குழம்பாகத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள், பெரியவர்கள் ஊறுகாய் கேட்டார்கள். இன்னொன்று, அடி பிடிப்பது. மாவு இருப்பதால் பொடியை நேராகக் கொதிக்கிற குழம்பில் கொட்டினால் கட்டி கட்டியாகி அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு டம்ளர் ஆறிய தண்ணீரில் கரைத்து, கறி முக்கால் வேக்காடு வெந்த பிறகு ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். குக்கரில் முதலிலேயே போட்டு மூடிவிடாதீர்கள், அடி தீய்ந்த வாடை குழம்பு முழுக்க ஏறிவிடும். உப்பும் பாக்கெட்டிலேயே நிறைய இருக்கிறது, அதனால் இறக்குகிற வரைக்கும் தனியாக உப்பே போடாமல் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சரி, ஈரல். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பாக்கெட் விற்கிறவர்கள் யாரும் இதை முன்னால் சொல்வதில்லை. பிலிப்பைன்ஸில் சிறிய டப்பாவில் ஈரல் விழுது விற்கிறார்கள், ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதற்கு. அதையே வீடுகளில் கல்தெரேத்தாவில் கடைசியில் கரைத்துவிடுகிறார்கள். அந்த டப்பாக்கள் பலவற்றில் இருப்பது பன்றி ஈரல். நம் பக்கம் அது கிடைப்பதும் இல்லை, கூத்தாநல்லூர் முஸ்லிம் தோழி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் அது ஆகவும் ஆகாது. ஆனால் நமக்கு டப்பாவே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நின்றால் கண் எதிரே ஈரல் தொங்குகிறது. கால் கிலோ புது ஈரல் கேட்டு வாங்குங்கள். நான் வாங்குகிற கடை பாய், "ஈரலும் கறியும் ஒரே குழம்புக்கா, அக்கா?" என்று ஆச்சரியமாகத்தான் கேட்டார். நம் பக்கம் ஈரல் என்றால் மிளகு போட்டுத் தனி வறுவல், இல்லாவிட்டால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. குழம்பைக் கெட்டியாக்க ஈரலை அரைத்துவிடுவது இங்கே பழக்கமில்லை.

செய்வது சுலபம். ஈரலைக் கழுவி, பெரிய துண்டாகவே வைத்து, எண்ணெயில் நான்கு பல் பூண்டோடு இரண்டு பக்கமும் வதக்குங்கள். நடுவில் வெட்டினால் ரத்தம் கசியக் கூடாது, அதே சமயம் உள்ளே இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வதக்கினால் ஈரல் மணல் மணலாகிவிடும், எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் நெருடும். ஆறவிட்டு, குழம்புத் தண்ணீரே இரண்டு கரண்டி ஊற்றி மிக்சியில் நைசாக அரைத்து, இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் சேர்க்க வேண்டும். அப்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்: அதுவரை தக்காளிப் புளிப்பும் சர்க்கரைத் தித்திப்பும் தனித்தனியாகத் தெரிந்த குழம்பு ஒன்றாகிவிடும், நிறம் சிவப்பிலிருந்து செங்கல் பழுப்புக்கு மாறும், ஈரலின் லேசான கசப்பு அந்தத் தித்திப்பை அடக்கிவிடும். ஈரல் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட இதில் ஈரல் இருப்பதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். பாக்கெட்டில் உள்ளபடி செய்ததற்கும் ஈரல் சேர்த்ததற்கும் இருக்கிற தூரம் அவ்வளவு. முன்னது ஒரு நாள் சாப்பிட்டு மறந்துவிடுவது, பின்னது மறுபடி செய்யச் சொல்லிக் கேட்பது.

அடுத்தது காடி. நம் மளிகைக் கடைகளில் வெள்ளை பாட்டிலில் இருக்கிற வினிகர் தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலம், பாட்டிலிலேயே செயற்கை என்று போட்டிருப்பார்கள். அது ஊறுகாய்க்கும் சைனீஸ் சமையலுக்கும் ஆகும், இதற்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாடை குத்தும். பிலிப்பைன்ஸில் காடி என்பது பெரிய விஷயம். வடக்கே இலோகோஸ் பக்கம் கரும்புச் சாற்றில் செய்கிறார்கள், தென்னை நிறைந்த இடங்களில் தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டுச் செய்கிறார்கள், கழிமுகத்தில் வளர்கிற நீப்பா பனையிலும் செய்கிறார்கள். கரும்பும் தென்னையும் நம் தஞ்சாவூர்ச் சீமையில் இல்லாததா? பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை தென்னை, 2018 நவம்பரில் கஜா புயல் அத்தனை மரத்தைச் சாய்த்த பிறகும் மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, அதனால் தென்னங்காடியும் இங்கே செய்ய வழியில்லை. நம் பக்கமே இவ்வளவு தென்னை இருக்கும்போது, கேரளாவிலிருந்தும் கோவாவிலிருந்தும் வருகிற தென்னங்காடியை நான் ஆன்லைனில் காசு கொடுத்து வாங்குகிறேன் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. போகட்டும், கறிக்கு வருவோம்.

தென்னங்காடி மெதுவான புளிப்பு, முடிவில் ஒரு சின்ன இனிப்பு இருக்கும். ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறிக்கு அரை கப் காடி, தட்டிய பூண்டு ஒரு கைப்பிடி, நுணுக்கிய மிளகு ஒரு கரண்டி. ஒரு மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கறியின் மேல்பக்கம் வெளுத்துச் சொத சொதவென்று ஆகிவிடும். ஊறிய பிறகு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, கறியைத் துணியால் ஒற்றி எடுத்து, சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மேலே சிவக்கும்படி வதக்க வேண்டும். கிடா வாடை எல்லாம் இந்தக் காடியிலேயே போய்விடும். நாம் மஞ்சளும் இஞ்சியும் போட்டுச் செய்கிற வேலையை அவர்கள் காடியில் செய்கிறார்கள். எண்ணெய் கடலை எண்ணெய் பொருத்தமாக இருக்கிறது, அதிலும் செக்கு எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கறி எந்த இடத்தில் வாங்குவது என்பதும் முக்கியம். தனித் தொடைக்கறி இதற்கு வீண். முன்னங்காலும் நெஞ்செலும்பும் கலந்து, எலும்போடு, துண்டு கொஞ்சம் பெரிதாகவே வெட்டச் சொல்லுங்கள். நீண்ட நேரம் வேகும்போது மூட்டுப் பக்கத்து ஜவ்வு கரைந்து குழம்புக்கு ஒரு பிசுபிசுப்பு கொடுக்கும், அதற்குப் பாக்கெட் மாவு ஈடாகாது. அடி கனமான பாத்திரத்தில் மூடி போட்டுச் சிறு தீயில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். அவசரம் என்றால் குக்கரில் நான்கைந்து விசில் விட்டு, பிறகு திறந்த பாத்திரத்துக்கு மாற்றி மீதிச் சமையலைச் செய்யலாம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் அதற்காக மனம் வருந்தத் தேவையில்லை.

உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அவர்கள் தனியாக எண்ணெயில் பொரித்துக் கடைசியில் சேர்க்கிறார்கள். நமக்கு இது அதிகப்படி வேலையாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. தக்காளியும் காடியும் இருக்கிற புளிப்புக் குழம்பில் உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகாது, வேகிற வரைக்கும் விட்டால் கறி பஞ்சு பஞ்சாகிவிடும். பொரித்துச் சேர்த்தால் ஓரம் மொறுமொறுப்பாக இறுகி, குழம்பிலும் உடையாமல் நிற்கும். சிவப்புக் குடைமிளகாய் மன்னார்குடியில் எல்லா நாளும் கிடைக்காது, தஞ்சாவூர் போகும்போது வாங்கி வந்தால் உண்டு. பச்சைக் குடைமிளகாய் போட்டாலும் பரவாயில்லை. இதில் அவர்கள் போடுகிற பச்சை ஆலிவ் பாட்டில் ஒன்று வாங்கினால் பாதி பாட்டில் ஃபிரிட்ஜிலேயே கிடக்கும், அதனால் நான் இப்போது போடுவதை விட்டுவிட்டேன். இழப்பு பெரிதாக இல்லை. காரத்துக்கு அவர்கள் போடுவது குட்டியாக, மேல்நோக்கிக் காய்க்கிற மிளகாய். அதற்கு நம் ஊசிமிளகாய் அப்படியே பொருந்துகிறது. நான்கை முழுசாகப் போட்டு, விரும்புகிறவர்கள் தட்டில் நசுக்கிக்கொள்ளலாம். சீஸ் துருவிப் போடுவது இன்னொரு பழக்கம், சாதாரண அமுல் சீஸ் கட்டி ஒன்று போதும், அதற்கு மேல் போனால் திகட்டும். சில வீடுகளில் நிலக்கடலை வெண்ணெய் கரைப்பார்களாம். நான் வறுத்த நிலக்கடலையைப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி போட்டேன், பிரமாதமாக இருந்தது, சீஸுக்குப் பதில் இதையே பரிந்துரைப்பேன்.

பிரிஞ்சி இலை விஷயத்தில் மட்டும் கவனம். அவர்கள் போடுவது லாரல் இலை. நம் கடையில் பிரியாணிக்கு என்று விற்கிற பிரிஞ்சி இலை வேறு மரம், பட்டை மரத்தின் இனம், அதனால் குழம்பில் பட்டை வாசம் வந்துவிடும். அதைப் போட்டதும் எங்கள் அத்தைக்கு உற்சாகம் வந்து, "அப்ப சோம்பும் கிராம்பும் தாளிச்சுடலாமே, கறிவேப்பிலை இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டார்கள். அத்தை கைக்கறிக்கு நான் அடிமை, ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. சோம்பு விழுந்த நிமிடமே அது நம் கறிக்குழம்பு ஆகிவிடும், அப்புறம் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு எதற்கு? சாப்பிட்டு முடித்த பிறகு அத்தை சொன்னது இதுதான்: மசாலா வாசனை இல்லாமலே கறி இவ்வளவு ருசிக்குமா என்று. மறுநாள் காலையில் மீந்த குழம்பைச் சுடவைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டார்கள். ஒரு ராத்திரி ஊறியதில் இன்னும் நன்றாகவே இருந்தது.

சோறு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கேயும் இதைச் சோற்றோடுதான் சாப்பிடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்கிற ஊரில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததுதான் ஐஆர் 8. 1966-இல் அதை வெளியிட்டார்கள். பின்னால் ஐஆர் 20, ஐஆர் 50 என்று எத்தனையோ நெல் நம் வயல்களில் விளைந்தது. எங்கள் அப்பா தலைமுறையில் அந்த எண்களைச் சொன்னால் தெரியாத விவசாயி இல்லை. அந்த ஊர் நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த நாம் அந்த ஊர்க் கறியைச் சாப்பிட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இந்தக் குழம்புக்குப் புழுங்கலரிசியைவிடப் பச்சரிசிச் சோறு நன்றாகச் சேர்கிறது, கொஞ்சம் குழைவாக வடித்தால் இன்னும் நல்லது. புழுங்கலரிசிதான் வீட்டில் இருக்கிறது என்றால் சி.ஆர். 1009 போல மோட்டா ரகம் குழம்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். பரோட்டாவுக்கும் ஊற்றிக்கொண்டோம், அது பிள்ளைகளின் ஏற்பாடு, அதிலும் குறை இல்லை.

இனி காசு. நான் வாங்கியபோது ஒரு பாக்கெட் 240 ரூபாய், அனுப்பும் கூலி தனி. 50 கிராம் பொடிக்கு இது அதிகம்தான். கறி, ஈரல், காய், காடி எல்லாம் சேர்ந்து ஆயிரத்து முந்நூறைத் தாண்டுகிற சமையலில் இது பெரிய தொகை இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பாக்கெட் இல்லாமல் முழுக்க வீட்டுப் பொருளில் செய்தபோது எனக்குக் குறைந்தது நிறமும் கொஞ்சம் கெட்டித்தன்மையும்தான். ஆறு பழுத்த தக்காளியை வேகவைத்து, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் பிரிகிற வரைக்கும் சுருள வதக்கி, இரண்டு கரண்டி காஷ்மீரி மிளகாய்த் தூள் சேர்த்து, மற்றதெல்லாம் மேலே சொன்னபடி செய்தேன். தித்திப்பு நம் கையில் இருந்தது என்பதால் பெரியவர்களுக்கு இதுதான் பிடித்தது. என் யோசனை, முதல் தடவை செய்கிறவர்கள் ஒரு பாக்கெட் வாங்கி, ஒரு கிலோ கறிக்கு அதில் பாதியை மட்டும் போட்டு, கூடவே மூன்று தக்காளியும் ஈரலும் சேருங்கள். நிறமும் வரும், சர்க்கரையும் பாதியாகக் குறையும், மீதிப் பாதி இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒரு கடையிலிருந்து எனக்கு வந்த பாக்கெட்டில் காலாவதித் தேதிக்கு மூன்று வாரம்தான் மீதி இருந்தது, கேட்டதற்குத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே தேதி தெரிகிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், ஒழுங்கான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. இன்னொன்று, வெளிநாட்டு உணவுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற பாக்கெட்டை வாங்காதீர்கள், யார் எந்த வழியில் கொண்டுவந்தது என்றே தெரியாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டியலில் அந்த மாவு எந்த மாவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். பிரித்த பாக்கெட்டை மடித்து வைத்தால் நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், ஒரு வாரத்தில் கட்டியாகிவிடும். சின்ன கண்ணாடி பாட்டிலில் கொட்டி இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.